முதலாளி வீட்டு அடுப்பில் பஸ் கேஸ்

போன மாதம் சூரமங்கலத்தில் என் மகன் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த ஆள் என் மருமகளிடம், "வாசனை வந்தாத்தாம்மா பயம். வாசனை இல்லைன்னா ஒண்ணுமில்லை" என்று பாடம் நடத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்காமல் வெற்றிலை புரையேறிவிட்டது. இதே வாக்கியத்தை இதே தோரணையில் சொன்ன இன்னொரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் பேச்சை நம்பியதால் ஒரு பெண் பார்க்கும் வைபவமே வாந்தியில் முடிந்தது.

அதை வாய் தவறிச் சொல்லப்போக, எங்கள் பழைய பட்டறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். "கரியில பஸ்ஸு ஓடிச்சாமே, அதைப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதுகிறேன். படித்துவிட்டுப் பொய் என்று சொல்பவர்கள் என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

நான் வேலை கற்றதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் கால் விட்டு உட்காரப் பிடிக்காமல் சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். மேஸ்திரி ஸ்பேனரை வீசினால் குனியக் கற்றேன். வீசியதை எடுத்து மரியாதையாக அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் கற்றேன். அதற்குள் யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனது. பஸ் முதலாளிகள் எல்லோரும் வண்டியின் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பெயர் கேஸ் பிளான்ட். எனக்குப் பெயர் பிளான்ட் பிட்டர்.

பீப்பாய் நிறைய மரக்கரி இருக்கும். அடியில் தீ. பக்கத்தில் கையால் சுற்றுகிற காற்றுப் பெட்டி ஒன்று, புளோயர் என்போம். உள்ளே கரி கொழுந்துவிட்டு எரியக் கூடாது. போதிய காற்றில்லாமல் அரைகுறையாகக் கனிய வேண்டும். அப்போதுதான் இன்ஜினை ஓட்டுகிற அந்த வாயு பிறக்கும். தேங்காய் நாரும் துணியும் வைத்த டப்பாக்களில் அதை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்புவோம். படித்தவர்கள் அதைக் கார்பன் மோனாக்சைடு என்கிறார்கள். அதற்கு நிறம் கிடையாது. நன்றாக வடிகட்டிவிட்டால் வாசனையும் கிடையாது. மூச்சில் போய்விட்டால் ரத்தம் நல்ல காற்றை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலை வலிக்கும், குமட்டும், புத்தி தடுமாறும். அப்புறம் தூக்கம் வரும், அந்தத் தூக்கம் கலையாது. வண்டி திறந்த ரோட்டில் ஓடியதால் நாங்கள் பிழைத்துக் கிடந்தோம்.

நான் பிளான்ட் பிட்டராகச் சேர்ந்த பஸ் கம்பெனி ராசிபுரத்தில் இருந்தது. போர்மேன் பெயர் அப்பாவு. காலையில் வந்ததும் மனிதர்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டார். ஒவ்வொரு வண்டியாகப் போய்ப் பானட்டில் கை வைத்து, "என்னங்க, நல்லாத் தூங்குனீங்களா?" என்று விசாரிப்பார். எங்களைக் கூப்பிட "ஏய்" மட்டும்தான். என்றைக்காவது "வா சாமி" என்று குழைந்தால் எவனுக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அவர் நம்பிய ஒரே கருவி அவருடைய மூக்கு. கரி மூட்டையை முகர்ந்து பார்த்து, இது சேந்தமங்கலத்துப் பக்கத்துக் கரி, இது புளியமரம், இதில் ஈரம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லுவார். அதே மூக்கில் நாள் முழுக்கப் பொடியையும் திணித்துக்கொண்டிருப்பார். இத்தனை பொடி போட்ட மூக்குக்கு எப்படி ஐயா வாசனை தெரிகிறது என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

ஆனால் வேலை முறையில் அவரை அசைக்க முடியாது. பிளான்ட் பற்றவைப்பதென்றால் வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். ஒருவன் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று புளோயரைச் சுற்ற, இன்னொருவன் அவன்மேல் கண்ணாக நிற்க வேண்டும். சோதனைக் குழாயில் தீக்குச்சியைக் காட்டினால் முதலில் வெறும் புகைதான் வரும். பிறகு மஞ்சளாகப் பற்றி அணையும். கடைசியில் நீலமாக நின்று எரியும். நீலம் அசையாமல் நின்றால்தான் கேஸை இன்ஜினுக்குத் திருப்பலாம்.

இதற்குள் சுற்றியவன் தலைக்குக் கேஸ் ஏறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அப்பாவு ஒரு பரீட்சை வைப்பார். "ரூட்டுச் சொல்லு" என்பார். சேலம், கொண்டலாம்பட்டி, மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், நாமக்கல் என்று தடங்கலில்லாமல் சொல்ல வேண்டும். ஓர் ஊரை விட்டாலும், முன்பின்னாக மாற்றினாலும் வேப்பமரத்தடிக்குப் போய்க் காற்று வாங்க வேண்டியதுதான். கிளீனர் மாரப்பனுக்கு வேலை செய்யச் சலிப்பாக இருந்தால் மல்லூரை முழுங்கிவிட்டு நேரே மரத்தடிக்குப் போய்விடுவார். எங்கள் எல்லோரையும்விட மூத்த ஆள் என்பதால் அவரை யாரும் அதட்டுவதில்லை.

இப்படி இருக்கும்போது முதலாளி ஷெட்டை ஒட்டிப் புது வீடு கட்டினார். முதலாளியம்மாவுக்கு அந்த வீட்டின் வெள்ளைச் சுவர்மேல் உயிர். சமையலறைச் சுவரில் முதல் கரிப்புகை படிந்த அன்று சோறு இறங்கவில்லையாம். "பஸ்ஸே பொகையில்லாம ஓடுதுங்கறீங்க. என்ற அடுப்பு மட்டும் எதுக்குங்க பொகையோணும்?" என்று கேட்டுவிட்டார். முதலாளிக்கு மனைவி பேச்சை மறுக்கத் தெரியாது. போர்மேன் அப்பாவுக்கு முதலாளி பேச்சை மறுக்கத் தெரியாது. எங்களுக்கு அப்பாவு பேச்சை மறுக்கத் தெரியாது. ஆக, வேலை ஜரூராக நடந்தது.

பழைய பிளான்ட் ஒன்றை வீட்டின் பின்சுவரோரம் நிறுத்தினோம். சுவரில் துளை போட்டுக் குழாயை உள்ளே விட்டோம். நுனியில், பொத்தல் போட்ட இரும்புக் குழாய்த் துண்டுதான் அடுப்பு. நாற்றம் வந்தால் அம்மா கோபித்துக்கொள்வார் என்று அப்பாவு நாரையும் துணியையும் வழக்கத்தைவிட அதிகமாக அடைத்து வடிகட்டினார். துளி வாசனை இல்லை. "வாசனை வந்தாத்தானுங்கம்மா பயம். வாசனையே இல்லைன்னா என்னத்துக்குப் பயப்படறது?" என்று மார்தட்டினார். சுற்றி நின்ற நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்.

ஒரே ஒரு சிக்கல். பஸ்ஸில் இன்ஜினே கேஸை இழுத்துக்கொள்ளும். இங்கே ஒரு ஆள் வெளியே உட்கார்ந்து புளோயரைச் சுற்றித் தள்ள வேண்டும். அந்தப் பதவி மாரப்பனுக்குக் கிடைத்தது. உள்ளேயிருந்து "சுத்துங்க மாரப்பா!" என்று குரல் வந்தால் சுற்ற வேண்டும், "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். சில நாளில் தாளிக்கிற சத்தத்தை வைத்தே, "கடுகு பொரிஞ்சிருச்சு, இனி மெதுவாச் சுத்துனாப் போதும்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். "என்ற பொண்டாட்டிக்கே நான் அடுப்பு ஊதுனதில்லை" என்று எங்களிடம் வந்து அலுத்துக்கொள்வார்.

புகையில்லாத அடுப்பைப் பார்க்க ஊரே திரண்டு வந்து சமையலறை சன்னலில் முகம் வைத்தது. முதலாளியம்மா பொறுத்துப் பார்த்தார். "இத்தனை சனம் பாத்தா அடுப்புக்குக் கண்ணு பட்டுருமுங்க" என்று சன்னல் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டார். அதோடு நிற்காமல் கூடத்துச் சன்னல்களையும் சாத்தினார். பாம்புக்குப் பயந்து கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. எங்கள் முதலாளியம்மா கண்ணேறுக்குப் பயந்து காற்றைச் சாத்தினார். உள்ளே அடுப்பு ஒழுங்காக எரிந்து, கேஸ் எரிந்து தீர்ந்துகொண்டிருந்த வரைக்கும் வீட்டில் லேசான தலைவலியோடு போயிற்று. வெயில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலாளியின் ஒரே மகள் பாவாயி. ஷெட்டில் இருக்கிற எங்களுக்குத் தினமும் மோர் கொண்டுவந்து வைக்கிற பெண். சொம்பைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தால் போர்மேன் என்றுகூடப் பார்க்காமல் வாங்குவாங்கென்று வாங்கிவிடுவாள். அவளைப் பெண் பார்க்க மோகனூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பொன்னுசாமி, அவருடைய அப்பா, தாய்மாமன். பெஞ்சு தூக்கிப் போட என்னைக் கூப்பிட்டிருந்ததால் நான் வாசல் நிலையருகே நின்றேன். புது அடுப்பின் பெருமையைச் சொல்வதற்கென்றே அப்பாவுவைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

பின்பக்கம் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் மாரப்பன் புளோயரை விட்டுவிட்டு முன்வாசலுக்கு வந்திருக்கிறார். அடுப்பு அணைந்துவிட்டது. "சுத்துங்க மாரப்பா, தண்ணி கொதிக்கலை!" என்று முதலாளியம்மா ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, ஒறம்பரையை, அதாவது வந்த விருந்தாளிகளை, கவனிக்கக் கூடத்துக்கு வந்துவிட்டார். மாரப்பன் ஓடிப்போய், விட்ட நேரத்துக்கும் சேர்த்து மும்முரமாகச் சுற்றத் தொடங்கினார். அந்த நீலச் சுடர் பகலில் கண்ணுக்குச் சரியாகவே தெரியாது; அதனால் அது அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. காப்பித் தண்ணீர் எப்போது கொதிக்கும் என்று பாவாயி மட்டும் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தில் எல்லோருக்கும் ஒப்புட்டு, அதாவது போளி, கொடுத்துப் பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. தாய்மாமன், "கெணத்துல தண்ணி எப்புடீங்க?" என்று கேட்டார். முதலாளி வற்றாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து மாமன், "கெணத்துல தண்ணி எப்புடீங்க?" என்றார். முதலாளி மறுபடியும் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா தூணைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். "கெணத்துல தண்ணி..." என்று மாமன் மூன்றாம் முறையாகத் தொடங்கியதும் முதலாளி எழுந்து என் பக்கம் வந்தார்.

"குடிச்சுப்போட்டு வந்திருக்கானுவ" என்று பல்லைக் கடித்தார். "மதுவிலக்கு இருக்கற ஜில்லாவுல, பொண்ணு பாக்க வாரப்பவே இப்புடியா?"

அதற்குள் மாமன் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, ஒப்புட்டுல என்னத்தக் கலந்தீங்க? ஊமத்தையா?" என்றார். முதலாளிக்கு முகம் சிவந்தது. இரண்டு பக்கமும் குரல் ஏறியது. நடுவில் பாவாயியின் அத்தை, பெண்ணை அழைத்து வருகிறேன் என்று போய்ச் சமையலறைக் கதவை ஒரு விரல் திறந்து பார்த்துவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"செவுத்துல சாஞ்சு கண்ண மூடிட்டு உக்காந்திருக்கறா. மூஞ்சி, ஒதடு, உள்ளங்கையெல்லாம் செக்கச்செவேல்னு கெடக்குது. அத்தனை வெக்கமுங்க!"

சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பரம திருப்தி. "பொண்ணுன்னா இப்புடி இருக்கோணும்" என்றார்.

சண்டையை ஆற்ற நினைத்தோ என்னவோ அப்பாவு தொண்டையைக் கனைத்தார். "மாட்டு வண்டில குலுங்கி வந்தா தலை வலிக்காதுங்களா? நம்ம பஸ்ஸுல வந்திருந்தா ஒண்ணும் இல்லீங்க. சேலத்துல ஏறுனா மல்லூரு, நாமக்கல்லு, அப்புறம் ராசிபுரம்..." என்று இழுத்து, கொஞ்சம் யோசித்து, "சேலம்" என்று முடித்தார்.

 தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த மனிதர் வாயில் ஊர் மாறாது. உள்ளங்கை சிவந்து கிடக்கிறது என்று அத்தை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேஸ் அடித்தவர்களுக்கு அப்படிச் சிவக்கும்.

"கேஸு! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. "ஒறம்பரை இருக்கறப்ப என்னடா சத்தம்?" என்றார் முதலாளி. நான் நிற்காமல் பின்பக்கம் ஓடி, மாரப்பன் கையைப் புளோயரிலிருந்து பிய்த்து எறிந்தேன். கிடந்த ஜாக்கி ராடை எடுத்துச் சமையலறைச் சன்னலை இரண்டு அடியில் பெயர்த்தேன். முன்பக்கமாகத் திரும்பி ஓடிவந்து, வாசலில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பாவாயி சரிந்து தரையில் கிடந்தாள்.

"பொண்ணு மேல கைய வெக்காதே!" என்று அத்தை அலறினார். அந்த நேரத்திலும் சாத்திரம். கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தை இழுத்தேன். அதன்மேல் உட்கார்ந்திருந்த தாய்மாமன் உருண்டு போனார். பாவாயியை அதில் புரட்டிப் போட்டு ஒரு நுனியைப் பிடித்தால், இன்னொரு நுனியை யாரோ பிடித்திருந்தார்கள். பார்த்தால் மாப்பிள்ளை. அவருக்கும் கால் தள்ளாடியது. ஆனாலும் இழுத்தார். இரண்டு பேருமாக அவளை வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டோம்.

மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.  நாளைக்கு மோர்ச் சொம்பு வராது என்று ஒரு நினைப்பு வந்தது. பட்டறையில் கற்றது ஞாபகம் வந்தது. ஆளைக் குப்புறப் போட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, விலாவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி விட வேண்டும்; அழுத்தி விட வேண்டும். யார் செய்வது? முதலாளியம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அழுத்துங்கம்மா! உடுங்க! அழுத்துங்க!"

அவருக்கு வெறுமனே அழுத்தத் தெரியவில்லை. திட்டினால்தான் கை ஓடியது. "எந்திரிடி!" என்று ஓர் அழுத்து. "சோம்பேறிக் கழுதை!" என்று ஓர் அழுத்து. "ஒறம்பரை வந்திருக்கறப்ப!" "படுத்துக் கெடக்கறதுக்கு!" "உன்னப் பெத்தேன் பாரு!" கண்ணீர் அருவியாக ஊற்ற, திட்டு மட்டும் நிற்கவே இல்லை. முதலாளி பக்கத்தில் நின்று, "இன்னும் திட்டு, இன்னும் திட்டு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பஸ் கம்பெனியே சுற்றி நின்றது. மாரப்பன் மரத்தில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்.

திடீரென்று பாவாயியின் தோள் குலுங்கியது. ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். தலையைத் தூக்கி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சரிகை வேட்டியில் வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். மாப்பிள்ளைக்கும் குமட்டல் தாங்கவில்லை, பதிலுக்கு அவரும் எடுத்தார். அத்தனை அழகான காட்சியை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. காத்துலயே இருக்கட்டும். தூங்க விடாம யாராவது பேச்சுக் குடுங்க" என்றார். யார் கொடுப்பது? பெரியவர்கள் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றிப் படுத்துக் கிடந்தார்கள். கூடத்தில் வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்ததால் மாப்பிள்ளைதான் கொஞ்சம் தெளிவாக இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசினாலே ஊர் சிரிக்கிற காலம் அது. டாக்டர் உத்தரவு என்பதால் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளைக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "கெணத்துல தண்ணி எப்புடீங்க?" என்றார்.

பாவாயி அரைக்கண்ணால் பார்த்தாள். "உங்க ஊட்டுச் சமையக்கட்டுல சன்னல் இருக்குதுங்களா?"

மாப்பிள்ளை யோசித்தார். "நான் சமையக்கட்டுக்குள்ள போனதில்லீங்களே."

"போயிப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றாள் பாவாயி.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள். முதலாளி தன் கையாலேயே அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். முதலாளியம்மா விறகடுப்புக்குத் திரும்பினார். சுவர் கறுக்கட்டும், சன்னல் திறந்தே கிடக்கட்டும் என்றுவிட்டார். அப்பாவு சில நாள் வண்டிகளோடுகூடப் பேசவில்லை. அப்புறம் எங்களை வரிசையாக நிறுத்தி, "வா சாமி, எல்லாரும் வாங்க" என்று குழைந்தார். நடுங்கிப்போனோம். "வாசனை வந்தா நின்னு பாருங்க. வாசனை வரலைன்னா வெளிய ஓடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மூடின இடத்தில் எது எரிந்தாலும், கரியோ கேஸோ, வாசனை இல்லை என்பதை நம்பக் கூடாது என்று இப்போதுள்ள பிள்ளைகளும் வைத்துக்கொள்ளலாம்.

சம்பந்தம் முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். மோகனூரிலிருந்து ஆள் வந்தது. முதலாளி பாவாயியைக் கூப்பிட்டு, "என்ன சாமி சொல்றே?" என்று கேட்டார். அதுவரை அந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சன்னல் சங்கதி தெரியட்டுமுங்கப்பா" என்றாள்.

முதலாளி, அப்பாவு, நான், மூன்று பேரும் மோகனூர் போனோம். சம்பந்தி வீட்டுக்குப் போனால் மாட்டுக் கொட்டகையை, தோட்டத்தை, நெல் குதிர்களைப் பார்ப்பதுதான் வழக்கம். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் போய் நின்றார். கும்மிருட்டு. நான்கு பக்கமும் மண்சுவர். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். புறப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க ஊட்டுல காலங்காலமா இப்புடித்தானுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "அந்தச் செவுத்துல கை வெச்சா மனை சாஸ்திரத்துக்கு ஆகாதுங்க."

பொன்னுசாமி தன் அப்பாவைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். வெளியே போய்க் கடப்பாரையோடு வந்தார். "டேய், டேய்" என்று அப்பா பதறப் பதற, சுவரின் நடுவில் ஓங்கி இறக்கினார். மண் பொலபொலவென்று கொட்டியது. எல்லோர் தலையும் வெள்ளையாகிவிட்டது. நாலைந்து போடு போட்டதும் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு எருமை ஒன்று அசைபோட்டபடி எங்களை எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலிருந்து ஆற்றுக் காற்று குப்பென்று வந்தது.

முதலாளி அந்த ஓட்டைக்கு நேராகப் போய் நின்று நெஞ்சு நிறைய இழுத்து விட்டார். வேப்பமரத்தடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், கொட்டிக் கிடந்த மண்மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி விசும்பினார்.

"தட்டு மாத்திக்கலாமுங்க" என்றார். "இங்க என்ற புள்ள மூச்சு உடுவா."